லெலோங் சொன்ன வாய்

லெலோங் என்ற மலாய்ச் சொல்லை இருபத்தாறு வருஷம் என் வாயால் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட மனசு வந்து சொன்னதில்லை. கிள்ளான் நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். கடன் கட்ட முடியாமல் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீடு லெலோங்குக்கு வந்தால், அந்தச் செய்தியை அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்தான். தமிழில் அது ஏலம். ஒலியில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று மொழிபெயர்க்கக் கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். வங்கி வழக்கறிஞர், "இந்த வீட்டை நான் ஏலத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்றால் நானும் அப்படியே சொல்வேன். ஒரு நாள் ஓர் அம்மாள் என் முகத்தை நேராகப் பார்த்து, "என் வீட்ட நீ விக்கிறியா? நல்லா இருப்பியாடி நீ?" என்று கேட்டாள். அதையும் ஒரு சொல் குறையாமல் மலாயில் நீதிபதிக்குச் சொன்னேன்.

ஓய்வு பெற்ற பிறகு இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன். நம்மைப் பாடாய்ப் படுத்தினவன் எந்த ஊர்க்காரன் என்று விசாரிப்போமே, அந்த மாதிரி. அகராதிகள் என்னைப் போர்ச்சுக்கலுக்குக் கூட்டிப்போயின. அங்கே அது லெய்லாவ். அதற்கும் முன்னால் அரபு என்று போட்டிருந்தது. அரபியில் என்ன அர்த்தம் என்பது மட்டும் எனக்குத் திருப்தியாகக் கிடைக்கவில்லை.

இந்த நிலையில்தான் லூர்துராஜ் வந்து நின்றான். என் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கிறவன், கடையில் ரொட்டி சானாய், அதாவது எங்கள் ஊர்ப் பரோட்டா, போடுகிறவன், தேனி மாவட்டத்துக்காரன். "அக்கா, எங்க ஊர்ல அந்தோணியார் திருவிழாவுக்குப் பிள்ளைய ஏலம் விடுவாக. எந் தங்கச்சி பிள்ளைய இந்த வருசம் விடுறாக. எனக்காகப் போயி ஏலம் கேக்கணும்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பிள்ளையையா?" என்றேன்.

அவன் உட்கார்ந்து விளக்கினான். பிள்ளை தங்காத வீட்டில் அந்தோணியாருக்கு வேண்டிக்கொள்வார்கள். பிறந்தால் அது அவருடைய பிள்ளை. திருவிழாவில் நேர்ச்சைக் கோழி, தென்னங்கன்று, முதல் திராட்சைக் குலை எல்லாம் ஏலம் போன பிறகு, அந்தப் பிள்ளையைப் பீடத்தில் கிடத்தி ஏலம் கூறுவார்கள். தாய்மாமன் கேட்டு எடுத்து, தாய் மடியில் போட வேண்டும். அப்புறம்தான் அது வீட்டுப் பிள்ளை. தாய்வழியில் கேட்க ஆள் இல்லை என்றால் கோயில் உபதேசியாரே தூக்கி அப்பன் வீட்டாரிடம் கொடுத்துவிடுவார். 'மாமன் இல்லாத பிள்ளை' என்ற பேச்சு மட்டும் அதன் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும்.

தங்கச்சி ஜெசிந்தாவுக்கு அண்ணன் இவன் ஒருவன்தான். அவள் தானாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை பிடிக்காமல், கல்யாணத்தன்று கோயிலுக்கே வராமல் மலேசியாவுக்கு விமானம் ஏறியவன். ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. நடுவில் அவள் இரண்டு பிள்ளைகளை இழந்தாள். அதற்கும் இவன் பேசவில்லை. இப்போது போகத் துடிக்கிறான், ஆனால் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் திரும்பி வரவில்லை.

அவன் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் போவது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். எத்தனையோ பேருக்கு வீடு போன சேதியைச் சொன்ன வாய், ஒரு தடவையாவது ஒன்றைத் திரும்ப வாங்கிக் கொடுக்கட்டும்.

தேனியில் முதல் நாள் காலையில் சாப்பிட்ட பரோட்டாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. எங்கள் ஊர் ரொட்டி சானாய் தட்டில் மெத்தென்று படுத்திருக்கும். இது உதிர்ந்து கிடந்தது. மேலே சால்னாவைக் குடம் குடமாக ஊற்றினார்கள். காலை எட்டு மணிக்கா என்று கேட்டேன். "எட்டு மணிக்கே லேட்டுக்கா" என்றார் பரிமாறியவர். லூர்துராஜ் ஏன் எங்கள் ஊரில் சமைத்துக்கொண்டே குறைபட்டுக்கொள்கிறான் என்று அப்போது விளங்கியது.

பேருந்து நிலையத்துக்கு வெளியே பானிபூரி வண்டி வைத்திருந்த உத்தரப்பிரதேசத்துக்காரரிடம் ஏலத்துக்கு உங்கள் பேச்சில் என்ன என்று கேட்டேன். "நீலாம்" என்றார். பிறகு, இந்த அம்மாவுக்கு எதை விற்க வேண்டியிருக்கிறதோ என்கிற மாதிரி என்னை இரக்கத்துடன் பார்த்து, ஒரு பூரி கூடவே வைத்தார். ஜீப் ஓட்டுகிற ஒருவர், தினமும் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிறவர், மலையாளத்தில் அது லேலம் என்றார். "இங்கன ஏலக்காயவே ஏலந்தான விடுறாக" என்று சிரித்தார். அந்த ஏலத்துக்கும் இந்த ஏலத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று விளக்கப் போனேன். அதற்குள் ஆள் சேர்ந்துவிட்டது, ஜீப் கிளம்பிவிட்டது.

கம்பம் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்கு ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். உத்தமபாளையத்தில் பெண்பிள்ளைகளுக்கு அரபு சொல்லிக்கொடுக்கிறவர். எனக்கு அதிர்ஷ்டம்தான். நோட்டை எடுத்து, அகராதியிலிருந்து குறித்துவைத்திருந்த அரபுச் சொல்லைப் படித்துக் காட்டினேன்.

"இஃலாம்" என்று என் உச்சரிப்பைத் திருத்தினார். "அதுக்கு விக்கிறது வாங்குறதுன்னெல்லாம் அர்த்தமே இல்லக்கா. தெரியப்படுத்துறது. நாங்க கல்விய இல்முன்னு சொல்லுவோம்ல, ரெண்டுக்கும் வேரு ஒன்னுதான். ஒருத்தருக்குத் தெரியாதத அறிவிக்கிறது."

"விற்பனை எங்கே ஒட்டிக்கிச்சு?"

"கூவி அறிவிச்சு வித்துருப்பாக. கூவுனது போயி வித்தது மட்டும் நின்னுருச்சு போல" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு கொத்துப் பன்னீர் திராட்சையை எடுத்து என் மடியில் வைத்தார்.

திராட்சையைத் தின்றுகொண்டே யோசித்தேன். இருபத்தாறு வருஷம் நான் செய்தது அதைத்தானே. விற்றவள் நான் இல்லை, அறிவித்தவள். நீதிமன்றத்தில் என்னைச் சபித்த அம்மாளின் முகம் ஞாபகம் வந்தது. இந்த விளக்கத்தைச் சொன்னால் அவள் என்னை மன்னித்துவிடுவாளா என்ன? மாட்டாள். ஆனாலும் நெஞ்சில் ஏதோ கொஞ்சம் இளகினது உண்மை.

இரண்டாம் நாள் காமயகவுண்டன்பட்டிப் பேருந்து என்று நினைத்து வேறொன்றில் ஏறி, சுருளிப்பட்டியில் இறக்கிவிடப்பட்டேன். அருவிக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் நடந்தார்கள். நான் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றேன். கடைசியில் ஒரு திராட்சை வண்டி ஏற்றிக்கொண்டது. முன்னால் ஏற்கெனவே மூன்று பேர், அதனால் பின்னால் பிளாஸ்டிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். அறுபத்திரண்டு வயதில் என்னை யாராவது இப்படிப் பார்த்திருந்தால் கிள்ளானில் ஒரு வாரம் பேசியிருப்பார்கள். இரண்டு பக்கமும் பந்தல் திராட்சை, வயல், தென்னை, தலைக்கு மேலே மலை. உடம்பு குலுங்கினதில் இடுப்பு விட்டுப்போயிற்று, ஆனால் அந்தக் காற்றுக்காக அதைக் கொடுக்கலாம்.

ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். ஜெசிந்தா வேண்டாம் என்றாள். காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில் கிறிஸ்தவர்கள் வாழும் ஒரு வேதக்கார ஊர், அது போதும்.

ஜெசிந்தா கதவைத் திறந்தவுடன் லூர்துராஜின் மூக்கு தெரிந்தது. இடுப்பில் பதினொரு மாதப் பெண்குழந்தை, ரோஸ்லின். அதற்கும் அதே மூக்கு. நான் யார் என்று சொன்னேன். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், அடுப்பில் உலை வைத்தாள். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் போனை எடுத்து, "பேசுறியாம்மா?" என்றதும் திரும்பினாள்.

"போன்ல பேச மாட்டேங்க்கா. ஏழு வருசமா அவுக கையிலயும் போனு இருந்துச்சு, எங்கையிலயும் இருந்துச்சு. ரெண்டு பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தப்பவும் இருந்துச்சு. போன்ல வர்ற அண்ணன் எனக்கு வேணாம்."

அவள் கணவர் தனிஸ்லாஸ் தோட்டத்திலிருந்து வந்து, நிலவரத்தைப் பார்த்துவிட்டு, "சாப்புடுங்க மொதல்ல" என்றார். சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. அதற்கு மேல் என்ன பேசுவது?

சாயங்காலம் ஏலம் கூறுகிறவரைப் பார்க்கப் போனேன். சூசைமாணிக்கம், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். மைக் இல்லாமலே தெருக்கோடிக்குக் கேட்கிற குரல். கோயில் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். லூர்துராஜ் போனிலேயே ஏலம் கேட்டால் ஆகுமா என்றேன்.

"போன்ல கேட்டா செல்லாதுக்கா. முன்னாடி ஒருத்தன் துபாய்லருந்து போன்ல கேட்டான். ரெண்டாந் தரம் சொல்லும்போது லைனு கட்டாயிருச்சு. பிள்ள பீடத்துல கெடந்து கத்துது, நாங்க அலோ அலோன்னு நிக்கோம். அன்னைலருந்து மாமன் குரலு இங்கனயே கேக்கணும்னு வச்சுட்டோம்."

"நான் கேக்குறேன்."

"நீங்க யாரு அவுகளுக்கு? பொம்பளைங்கிறதுக்காகச் சொல்லல. ரத்தமா? சம்பந்தமா?"

"மொழிபெயர்ப்பாளர்" என்றேன். நீதிமன்ற விதியைச் சொன்னேன். நான் 'நான்' என்றால் அது அவருடைய 'நான்' என்றேன். நான் பேசினதை அவர் பேசினதாகத்தான் எழுதிக்கொள்வார்கள் என்றேன்.

"அது கோர்ட்டுக்கா. இது கோயிலு."

நான் விடவில்லை. பேருந்தில் கற்றதையும் எடுத்துவிட்டேன். ஏலம் என்றால் முதலில் அறிவிப்புதான், விற்பனை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது, அறிவிக்க எனக்கு வாய் இருக்கிறது என்றேன். வாழைமரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அரபு தேசத்துல அப்பிடியா சொல்றாக? நாங்களும் ஏலம் கூறுறதுன்னுதான சொல்றோம்" என்று தலையைச் சொறிந்தார். "எங்கையில ஒன்னும் இல்லக்கா. நாளைக்கு நீங்க கேளுங்க. ஊரு ஒத்துக்கிட்டா தரம் சொல்லுவேன். ஒத்துக்கலன்னா நாந் தொண்டையத் தொறக்க மாட்டேன்."

மூன்றாம் நாள் காலையில், லூர்துராஜ் வேலைக்குப் போகுமுன் போனில் பிடித்தேன். நீயாக இருந்தால் என்ன சொல்வாயோ அதைச் சொல், ஒரு எழுத்து கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்றேன். நெடுநேரம் திணறிவிட்டுச் சொன்னான். நோட்டில் எழுதிக்கொண்டேன். மொத்தம் மூன்று வரி.

ஏலம் மத்தியான வெயில் தாழ்ந்ததும் தொடங்கியது. கோழிகள் போயின. ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு குடும்பம் மல்லுக்கட்டியது. எங்கள் ஊர் லெலோங்கில் பேச்சுமூச்சு இருக்காது. வாங்க வந்தவர் அட்டையைத் தூக்குவார், வீட்டைப் பறிகொடுத்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இங்கே ஒரே சிரிப்பும் கேலியும். தோற்றவர்தான் அதிகமாகச் சிரித்தார்.

பிறகு அந்தோணியார் காலடியில் ஒரு புதுச் சேலையை விரித்தார்கள். ஜெசிந்தா ரோஸ்லினைக் கிடத்திவிட்டு, நாலு அடி பின்னால் போய் நின்றாள். குழந்தை சேலை நுனியை வாயில் வைத்துச் சப்பியது. நான் நோட்டைத் திறந்து அந்த மூன்று வரியையும் மறுபடி பார்த்துக்கொண்டேன்.

"தனிஸ்லாசும் ஜெசிந்தாவும் நேர்ந்து பெத்த பிள்ள! அந்தோணியார் பிள்ள! ஊருக்கு அறிவிக்கிறோம், பிள்ள சொகமா இருக்கு! கேக்குறவக கேக்கலாம்!" என்றார் சூசைமாணிக்கம். 'அறிவிக்கிறோம்' என்னும்போது ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

"நூத்தியொன்னு!" என்றார் தனிஸ்லாஸின் அண்ணன் அருளப்பன். அது வழக்கம். மாமனைச் சீண்டுவதற்காக அப்பன் வீட்டார் முதலில் கேட்பார்கள். கூட்டம் தாய்வழிப் பக்கம் திரும்பியது. அங்கே நான் ஒருத்திதான் நின்றேன்.

"நூத்தியிருவது" என்று குரலை உயர்த்திச் சொன்னேன். "நான் லூர்துராஜ். ஜெசிந்தாவுக்கு அண்ணன். எம் மருமகள அந்தோணியார்கிட்ட கேட்டு வந்துருக்கேன்."

சிரிப்பு வெடித்தது. "ஏலே, லூர்து சேலை கட்டி வந்துருக்கான்டா!" என்று ஒருவர் கத்தினார். சூசைமாணிக்கம் வாயைத் திறக்கவில்லை. நான் அசையவில்லை. அதே மூன்று வரியைத் திரும்பவும் அதே மாதிரி சொன்னேன். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

அருளப்பன் எழுந்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. மரியாதையாகவே கேட்டார்: "லூர்து மாப்ள, ஏழு வருசமா எங்கன இருந்தீக? ரெண்டு பிள்ளைய நாங்கதான் தூக்கிட்டுப் போனோம். அப்ப மாமன் எங்கன?"

நோட்டில் அதற்குப் பதில் இல்லை. விதிப்படி நான் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். சொல்லாததைச் சொல்வது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூடச் செய்ததில்லை. ஜெசிந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்த லூர்துராஜை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! தங்கச்சி பிள்ளை தவறிப்போச்சு என்று ஊரிலிருந்து சேதி வந்த இரண்டு தடவையும் அவன் இரண்டிரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பேச்சும் இல்லை, சாப்பாடும் இல்லை.

"கோவத்துல போனேன்" என்றேன். "கோவம் ஒரு வருசத்துலயே போயிருச்சு. வெக்கம் போகல. முதப் பிள்ளைக்கு வரல. வராதவன் ரெண்டாம் பிள்ளைக்கு எந்த மூஞ்சியோட வர்றதுன்னு இருந்துட்டேன். தப்பு எந் தப்புதான். பிள்ளையக் குடுங்க."

அருளப்பன் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். "நான் கேக்கல. மாமனுக்கு விட்டாச்சு."

"மாமன் கேட்டுட்டாக!" என்று சூசைமாணிக்கத்தின் குரல் கிளம்பியது. "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

குழந்தையைத் தூக்கினேன். நல்ல கனம். நாலு அடி நடந்து, முந்தானையை விரித்து உட்கார்ந்த ஜெசிந்தாவின் மடியில் போட்டேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடி லூர்துராஜுக்குப் போன் போட்டேன். ஜெசிந்தா உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். குற்றத்தையும் ஒப்புக்கொண்டேன். "நீ சொல்லாததச் சொல்லிட்டேன் தம்பி" என்று சொல்லி, சொன்னதைச் சொன்னபடியே ஒப்பித்தேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"எப்பிடிக்கா தெரியும்?" என்றான்.

அப்போது ஜெசிந்தா இடுப்பில் ரோஸ்லினோடு வாசலுக்கு வந்தாள். போனைப் பார்த்தாள். அதைக் கேட்டு வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "அண்ணே, கை கழுவிட்டு வாங்க. சோறு வச்சுருக்கேன்" என்றாள்.

விதி விதிதான். போனில் அவனிடம், "அண்ணே, கை கழுவிட்டு வாங்க. சோறு வச்சுருக்கேன்" என்றேன்.

மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு ஒரே ஒரு சொல் வந்தது. நான் அவள் பக்கம் திரும்பி அதைச் சொன்னேன்.

"வர்றேன்."